முக்கால் பங்கு வாரிசு

என் வாயாடி மாலுவுக்கு,

வந்துடுச்சுடி! நேற்று மத்தியானம் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "வக்கீலம்மா, ஏதோ கனமா வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கவரைப் பிரிக்கப் பொறுமையில்லை, கிழித்தேன். உள்ளே இதழ். நம்முடைய கட்டுரை. தலைப்புக்குக் கீழே முதல் பெயர் மாலினி லாமேர். அதற்கு அடுத்துத்தான் என் பெயர்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. உன் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. வீடு நேற்று என்ன நிலையில் இருந்தது என்று இதிலிருந்தே நீ புரிந்துகொள்ளலாம்.

"படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சி எழுதுங்க அண்ணி, கோர்ட்டுல பேசற மாதிரி பாதிய முழுங்காதீங்க" என்று எத்தனை முறை என்னைக் கடிந்திருக்கிறாய்! அதனால் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ கொட்டாவி விடாமல் கேட்டுக்கொண்டிரு.

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை ஆண்ட காலத்தில் உன் கொள்ளுத்தாத்தா பதிவாளர் முன்னால் போய் நின்று, எங்கள் ஜாதி வழக்கச் சட்டம் எனக்கு வேண்டாம், பிரெஞ்சு சிவில் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுத்தவர்களை இந்த ஊரில் ரெனோன்சான் என்பார்கள். எழுதிக் கொடுக்கிறவர் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரைக் குப்பத்துக்காரர், வேறு என்ன வைப்பார்? கடல் என்று அர்த்தம் வரும்படி லாமேர் என்று வைத்துக்கொண்டார். கோயில், குளம், சாமி எதையும் விடவில்லை. சட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அந்தச் சட்டம் மட்டும் அவர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுப் போகவில்லை.

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கும் என் தம்பிகளுக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம். உங்கள் குடும்பத்துக்கு அது கிடையாது. உங்கள் சட்டப்படி, கல்யாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய வீடு, பத்திரம் யார் பேரில் இருந்தாலும், வாங்கிய அன்றைக்கே பாதி மனைவியுடையது. புருஷன் செத்த பிறகு வருகிற பங்கு இல்லை. அப்போதிலிருந்தே அவளுடையது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வக்கீல்கள் இந்துச் சட்டத்தைப் போட்டு வழக்கு எழுதுகிறார்கள், முதல் பக்கத்திலேயே விதவையின் பாதி காணாமல் போகிறது. இதுதான் நம் கட்டுரை.

அந்த வக்கீல்களில் நானும் ஒருத்தி என்பதை நீ யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் கட்சிக்காரருக்கு நான் எழுதிய மனுவைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் படித்துவிட்டு, "அண்ணி, லாமேர் வீட்டு மருமக எழுதற மனுவா இது? கொள்ளுத்தாத்தா படம் செவுத்துலேர்ந்து எறங்கி ஓடிடப்போவுது" என்று சிரித்தாய். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே உன் கல்லூரிக்கு வந்து, "சரி, சொல்லிக்குடு" என்றேன். "சொல்லிக்குடுக்க மாட்டேன், சேர்ந்து எழுதலாம்" என்றாய். பாடம் நடத்துகிறவள் நீ, வழக்கு நடத்துகிறவள் நான். உனக்குப் பிரெஞ்சு, எனக்குக் கோர்ட். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தக் கட்டுரையின் நடுவில் நம் வீடே வந்து உட்காரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன் அண்ணன் முத்தியால்பேட்டை வீட்டை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டலாம் என்று ஒரு பில்டரைக் கூட்டிவந்தார். உன் அப்பா பேரில் இருந்த வீடு, அவர் போய்விட்டார், ஒரே மகன், இனி தன் பொறுப்பு என்று நினைத்தார். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், அவருக்குச் சட்டம் எங்கே தெரியும்? நீ சும்மா இருந்தாயா? பில்டர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, "இதுல பாதி அம்மாதுண்ணா. அவங்க சரின்னு சொல்லாம ஒரு செங்கல்லக்கூட உருவக் கூடாது" என்றாய். சொன்னது சரிதான். வெளி ஆள் முன்னால் சொன்னதுதான் தப்பு. அந்த ஆள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"பெத்த தாயோட வீட்டப் புடுங்கறவன்னு என்ன சொல்லிட்டா. வீட்டுக்குள்ளயே கோர்ட்டு வச்சிட்டா" என்றார் உன் அண்ணன். அவ்வளவுதான். நீ கல்லூரிப் பக்கம் அறை எடுத்துக்கொண்டு போனாய். மூன்று வருஷம். அவர் பட்டறைக்குப் போன பிறகு வந்து, அவர் வருவதற்குள் கிளம்பிப் போவாய். அவர் வாயில் உன் பெயர் வரவே வராது. "அவ வந்துட்டுப் போனாளா?" என்று கேட்பார், அதுவும் சோற்றைப் பிசைந்துகொண்டே.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது தினமும் வார்டு வாசல் வரைக்கும் வந்தார், மாலு. உள்ளே வரமாட்டார். இளநீரை என் கையில் கொடுத்து, "நான் குடுத்தேன்னு சொல்லாத" என்பார். நானும் சொல்லவில்லை. நீதான் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணன் வாங்கினதா? வழுக்கையே இல்லாம வெறுந்தண்ணியா பார்த்து வாங்க அவரால மட்டுந்தான் முடியும்" என்றாய். அதை வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்கு உள்ளே கூட்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன். நீ நாளை வரைக்கும் இருக்கவில்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

சரி, அழுகையை விடு. இன்றைக்குச் சந்தோஷக் கடிதம்.

உன் பென்டிரைவை வாங்கிவந்து கம்ப்யூட்டரில் போட்டேன். "கட்டுரை கடைசி", "கட்டுரை கடைசி 2", "நிஜமாவே கடைசி", "அண்ணி தொடாதீங்க" என்று நாலு கோப்பு. நான் தொட்டது அந்த நாலாவதைத்தான். அதுதான் முழுசாக இருந்தது. அடிக்குறிப்புகள் மட்டும் பாதியில் நின்றிருந்தன. ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து, நீ பென்சிலால் குறித்துவைத்த பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். அங்கிருந்த அம்மா, "பிரெஞ்சு தெரியாம இதையெல்லாம் ஏம்மா கேக்கறீங்க?" என்றார். "தெரிஞ்சவ போயிட்டா மேடம்" என்றேன். அதற்குப் பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

இதற்கு நடுவில் அரசாங்கம் ஊர்ப் பெயரைப் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று மாற்றிவிட்டது. நானும் புத்திசாலித்தனமாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லி, கட்டுரை முழுக்க ஒரே தட்டில் மாற்றினேன். பிரெஞ்சுக்காரன் காலத்து ஆணைகளுக்கெல்லாம் புதுப்பெயர் வந்துவிட்டது! திரும்ப ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றி எழுதினேன். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

பெங்களூருவிலிருந்து வருகிற அந்தச் சட்ட இதழுக்கு அனுப்பினேன். எழுதியவர் யார் என்று தெரியாமல் இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்வார்களாம். ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. தினமும் கோர்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து மெயில் பார்ப்பேன். அங்கிருக்கிற பொண்ணு நான் உள்ளே நுழையும்போதே, "இன்னைக்கு வந்துரும் மேடம்" என்பாள். ஒரு நாள் வந்தேவிட்டது. ஒருவர் பத்து இடத்தில் சண்டை போட்டிருந்தார். இன்னொருவர், பத்திரங்களைப் படித்த விதத்தைக் குறிப்பிட்டு, இதை எழுதியவரைச் சந்திக்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தார். அங்கேயே, கேபினுக்குள் உட்கார்ந்து, சத்தமாக அழுதேன். பக்கத்துக் கேபினில் சாட் பண்ணிக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து போய்விட்டார்கள்.

சண்டைக்கெல்லாம் பதில் எழுதி, திருத்தி அனுப்பி, கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதமும் வந்தது. கூடவே ஒரு படிவம். எழுதியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் இதழாசிரியருக்குப் போன் போட்டு, கட்டுரையை எழுதிய முதல் ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். அவர் வருத்தம் சொன்னார். பிறகு, அப்படியானால் அவர் பெயரை எடுத்துவிட்டு, முதல் அடிக்குறிப்பில் நன்றி என்று போட்டுவிடலாமே என்றார். நன்றியா? உனக்கா? எனக்கு உச்சந்தலையில் ஏறியது. கோர்ட்டில்கூட அப்படிக் கத்தியதில்லை. "நன்றி சொல்லணும்னா எனக்குச் சொல்லுங்க சார், கட்டுரை அவளோடது" என்று நான் போட்ட போடில் அந்த மனுஷன் இறங்கிவந்தார். கடைசியில், சட்டப்படியான வாரிசுகள் கையெழுத்துப் போட்டால் பெயர் இருக்கலாம், திங்கட்கிழமைக்குள் மூலப் படிவம் என் மேஜைக்கு வர வேண்டும், செவ்வாய்க்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது, வராவிட்டால் பெயர் இருக்காது என்றார்.

இது நடந்தது வெள்ளிக்கிழமை. நேராக அத்தையிடம் ஓடினேன். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? "என்னா ஏதுன்னு தெரியாம கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். ஆகையால் கட்டுரையின் சாரத்தைத் தமிழில் ஒரு நோட்டில் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அத்தையின் கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஆனாலும் நோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு எழுதுனதுதானே, நாளைக்கு யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்று அந்தச் சுழித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூட எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை கோர்ட் இல்லை. மத்தியானம் போய் நேரு வீதிப் பக்கம் கூரியரில் கவரைக் கொடுத்துவிட்டு, பெரிய வேலை முடிந்த மிதப்பில் வீட்டுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால், உன் அண்ணன் சாப்பிட வந்தவர் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். கையில் அந்த நோட்டு. "சேகரு, அத எனக்குப் படிச்சிக் காட்டுடா" என்று அத்தை மாட்டிவிட்டிருக்கிறார். எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் நீ உதாரணமாக எழுதிய குடும்பம் எந்தக் குடும்பம் என்று அதில் பெயர் இல்லையே தவிர, வடக்கே ஒரு புறநகர்ப் பேட்டை, இரும்புப் பட்டறை வைத்திருக்கிற ஒரே மகன், வீட்டை இடிக்கக் கூட்டிவந்த பில்டர், எல்லாம் இருக்கிறது.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு வரியில் விரலை வைத்தார். "'மகன் நல்லெண்ணத்துடனேயே செயல்பட்டார்'னு போட்டிருக்கே. இது நீயா சேர்த்ததா?"

"சத்தியமா இல்லீங்க. அவ எழுதினது. மூணு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டா."

"சட்டத்துல நல்லெண்ணம்னா என்னா?"

"உண்மையிலயே தெரியாம செஞ்சவர்னு அர்த்தம். ஏமாத்தணும்னு நெனைக்காதவர்னு அர்த்தம்."

அவர் அந்த வரியை மறுபடியும் வாய்விட்டுப் படித்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்றார். எங்கேடா அவளைப் பேசவிட்டாய் என்று அத்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். பிறகு மாலு, பத்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்த மனுஷன் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். என் வக்கீல் தொழிலில் அதுவரை எந்த நீதிபதியும் கேட்காத கேள்வி.

"வசந்தி, எங்க குடும்பத்துக்கு இந்துச் சட்டம் கெடையாது, எல்லாரும் இந்தத் தப்பையே பண்றாங்கன்னு எட்டுப் பக்கம் எழுதியிருக்க. அப்ப மாலுவுக்கு வாரிசு அம்மா மட்டுந்தான்னு எந்தச் சட்டத்துல பார்த்த?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கல்யாணமாகாத பொண்ணு, அப்பா இல்லை, அதனால் அம்மா ஒருத்தரே வாரிசு. இது யார் சட்டம்? என் சட்டம்! பாகூர்ச் சட்டம்! உன் சட்டத்தில் அம்மாவும் வாரிசு, கூடப்பிறந்தவனும் வாரிசு. ஊரில் இருக்கிற வக்கீல்களையெல்லாம் எந்தத் தப்புக்காகக் கட்டுரை முழுக்க வறுத்தெடுத்தோமோ, அதே தப்பை, அந்தக் கட்டுரையின் படிவத்திலேயே செய்து, ஒட்டி, கூரியரில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தச் சண்டைக்கார ஆய்வாளர் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறியிருக்கும். அதைவிட, படிவம் செல்லாது என்று சொல்லி உன் பெயரை எடுத்திருப்பார்கள். மேலே இருந்து நீ கைதட்டிச் சிரித்தது எனக்குக் கேட்டதுடி.

ஒன்று கவனித்தாயா? மாலு என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு. அந்தப் பதற்றத்தில் நான்கூட அப்போது கவனிக்கவில்லை. அத்தைதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மணி என்னா?"

"மூணே கால்."

"கூரியர் வேன் எத்தினி மணிக்கு?"

"நாலுக்கு!"

போட்ட சோறு போட்டபடி கிடக்க, அவர் ஸ்கூட்டரை உதைத்தார், நான் ஒரு காலில் செருப்போடு ஏறினேன். காந்தி வீதி முழுக்கச் சனிக்கிழமைக் கூட்டம். "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே போகிறார் மனுஷன், என்னமோ பிரசவத்துக்குக் கூட்டிப் போகிற மாதிரி. நடுவில் முகத்தைப் பாதி திருப்பிக் கேட்கிறார்: "அம்மாவுக்கு எவ்ளோ, எனக்கு எவ்ளோ?"

"ரோட்டப் பார்த்து ஓட்டுங்க! அத்தைக்குக் கால் பங்கு."

"மிச்சம்?"

"முக்கால் உங்களுக்கு."

ஸ்கூட்டர் ஒரு நிமிஷம் மெதுவாகிவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கித் திட்டினார். உன் அண்ணன் திரும்பவில்லை. "மூணு வருஷம் பேசாதவனுக்கு முக்கால் பங்கா?" என்றார். காற்றில் பாதிதான் கேட்டது. அவர் முதுகு குலுங்கியது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தோளில் கையை வைத்துக்கொண்டேன்.

கூரியர் கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பெங்களூரு மூட்டையக் கட்டிட்டாங்களே மேடம்" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். உன் அண்ணன் கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றி, "எந்தங்கச்சி பேரு அதுல இருக்கும்மா. போச்சுன்னா போனதுதான்" என்றார். அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் போய் மூட்டையை அவிழ்த்துவிட்டாள். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

கவரைப் பிரித்து, அத்தை கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியை நான் பேனாவால் சேர்த்தேன். அவர் பட்டறை மசி போக வேட்டியில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கினார். சேகர் லாமேர் என்று எழுதினார். வழக்கமாக வெறும் சேகர் என்று கிறுக்குகிறவர். இறந்தவருக்கு என்ன உறவு என்கிற இடத்தில் பேனா நின்றது. என்ன எழுத வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறாரோ என்று நினைத்து, "அண்ணன்னு எழுதுங்க" என்றேன்.

"தெரியுது, இரு. நல்லா எழுதறேன்" என்றார்.

கொட்டை எழுத்தில் எழுதினார். கவரை ஒட்டிக் கொடுத்ததும் அந்தப் பெண், "இதான சார் கடைசி? மறுபடி வந்து அவுக்கச் சொல்ல மாட்டீங்களே?" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். திரும்பி வரும் வழியில் அவர் ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தி, தட்டிப் பார்த்து, வெட்டச் சொல்லி, வெறும் தண்ணியாக வாங்கி என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன், மாலு. உனக்கும் சேர்த்துக் குடித்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, நேற்றுத்தான் அந்தக் கவரின் பலன் வீட்டுக்கு வந்தது. உன் அண்ணன் வந்து இதழைக் கையில் வாங்கினார். ஒரு ஆங்கில வரி புரியாது. ஆனாலும் உன் பெயரில் விரலை வைத்தபடி பத்து நிமிஷம் நின்றார். இன்று காலையில் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார், வெல்டிங் போடுகிறவர்களுக்கெல்லாம் காட்டவாம். பில்டர் விஷயம்? அத்தை இந்த வீட்டில்தான் இருப்பேன் என்றார். அதோடு முடிந்தது. மழை ஒழுகுகிற பின்பக்கக் கூரையை இப்போது இவரே ஏறி மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கட்டுரை என்னவென்று நீயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். "உங்க கல்யாணம் எந்தச் சட்டத்துல நடந்துச்சுன்னே தெரியல அண்ணி, அதுவே ஒரு கட்டுரை" என்று கேலி செய்தாயே, அதைத்தான் எழுதப் போகிறேன். உன் குறிப்புகள் பென்டிரைவில் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்து அம்மாவிடம் பிரெஞ்சு கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முறை ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், இது யாருடைய சட்டம் என்று முதலில் பார்ப்பேன். அதிலும் உன் பெயர் முதலில் வரும்.

இந்தக் கடிதத்தை முடித்துக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு, உன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன்; இந்த நாலு வரியை அதற்குப் பிறகு இடையில் நுழைக்கிறேன். முழுசும் படித்தார். கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. "இதுல எனக்குக் கையெழுத்து இல்லியா?" என்றார்.

உன் அண்ணி,
வசந்தி

உன் அண்ணன்,
சேகர் லாமேர்